ஸ்மார்ட்போனை விட்டுப் பட்டன் போனுக்கு வருவது எப்படி

ஸ்மார்ட்போனை விட்டுவிடுவது என்று கிளம்பியவர்களைத் திரும்பவும் அதனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவை மிகச் சின்னக் காரணங்கள். மூன்றாம் நாள் அலாரம் அடிக்காமல் ஆறே முக்கால் பஸ் போய்விடும். ஐந்தாம் நாள் பாங்கிலிருந்து வரவேண்டிய ஓடிபி வராது. அடுத்த வாரம் சித்தி வீட்டு வளைகாப்பு அழைப்பு வாட்ஸ்அப்பில் மட்டும் போயிருக்கும். "பத்திரிகை அனுப்பினேனே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்று வருத்தம் வரும். அன்றைக்கே பழைய போன் அலமாரியிலிருந்து வெளியே வந்துவிடும்.

இதற்கு மன உறுதியைவிட முன்னேற்பாடு அதிகம் உதவும். கடிகாரம், டார்ச், ரேடியோ, கால்குலேட்டர், கேமரா, பர்ஸ், விலாச நோட்டு, நாள்காட்டி, பேப்பர் என்று வீட்டில் பல பொருள்கள் பார்த்துவந்த வேலையை ஒரே போன் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலைகளை ஒவ்வொன்றாக அதனதன் பொருளிடம் திருப்பிக் கொடுத்த பிறகுதான் போனை அணைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டால் கெட்டுப்போகும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் இன்று போன் நம்பரே இல்லாமல் குடும்பம் நடத்துவது மிகக் கடினம். ஆதார், பாங்க், கேஸ், ரேஷன், கரண்ட் பில் எல்லாம் ஒரு நம்பரோடு கட்டப்பட்டிருக்கின்றன. அதனால் நம்பரை வைத்துக்கொண்டு திரையை மட்டும் விடுவதுதான் இங்கே வழி. நம்பர் ஒரு பட்டன் போனில் இருக்கும். அந்த போன், பழைய லேண்ட்லைன் இருந்த மாதிரி, வீட்டில் ஓர் இடத்தில் இருக்கும்.

முதல் வாரம் ஒரு நோட்டு

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மணி எத்தனை, எதற்காக எடுத்தீர்கள் என்று ஒரே வரியில் குறியுங்கள். "7.10 பால்காரருக்குப் பணம்." "7.14 சும்மா." "9.40 ரயில் லேட்டா என்று பார்க்க." எழுதக் கூச்சமாக இருக்கும் வரிகளையும் எழுத வேண்டும், பிறகு பயன்படப்போவது அவைதான்.

ஏழாம் நாள் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'வே' அல்லது 'சு' போடுங்கள், வேலை அல்லது சும்மா. 'வே' விழுந்தவை ஒவ்வொன்றுக்கும் மாற்றுப் பொருளோ மாற்று வழியோ தேவை. 'சு' விழுந்த வரிகளில் நேரத்தைப் பாருங்கள். பலருக்கு அவை இரண்டு மூன்று வேளைகளில் குவிந்திருக்கும்: எழுந்ததும் படுக்கையில், சாப்பாட்டுக்குப் பின், இரவு ஒன்பதுக்கு மேல். அந்த வேளைகளில் என்ன செய்வது என்று முன்பே தீர்மானிக்காமல் போனை விட்டால் கை டிவி ரிமோட்டுக்குப் போகும்.

பட்டன் போன் வாங்கும்போது

கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இது 2ஜியா 4ஜியா என்பது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. பழைய 2ஜி போனில் ஜியோ சிம்மைப் போட்டால் டவரே வராது. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) சிம்கள் 2ஜி போனில் வேலை செய்யும். இருந்தாலும் புதிதாக வாங்குவதானால் 4ஜி பட்டன் போனையே வாங்குங்கள். ஜியோபாரத் வகை போன்களில் ஜியோ சிம் மட்டும்தான் ஏற்கும். கடைசியில் வேறு கம்பெனிக்கு மாறினால் போனும் பயனில்லாமல் போய்விடும்.

அடுத்து, கடைக்காரரின் போனிலிருந்து தமிழில் ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லி, எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் கொம்பும் காலும் இடம் மாறியோ வெறும் கட்டங்களாகவோ வரும். ரேஷன், மின்வாரிய மெசேஜ்கள் தமிழில் வரும்போது திண்டாட வேண்டியிருக்கும். பாட்டரி கழற்றக்கூடியதா, உச்சியில் டார்ச் இருக்கிறதா, ஹெட்போன் மாட்டாமலே எஃப்எம் எடுக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூடியூப் உள்ள பட்டன் போன்களும் விற்கிறார்கள். வேண்டாம். சின்னத் திரையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்வீர்கள்.

பட்டன் போனில் மெசேஜ் வைக்கும் இடம் குறைவு. இன்பாக்ஸ் நிறைந்துவிட்டால் புதிய மெசேஜ் உள்ளே வராது. 'ஓடிபி வரவில்லை' என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம், பாங்க் மேல் குற்றமில்லை. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டு, விளம்பர மெசேஜ்களை எல்லாம் அழித்துவிடுங்கள். ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும், தமிழில் 70தான். நீளமாக எழுதினால் இரண்டு மூன்று மெசேஜாக உடைந்து கணக்கில் ஏறும்.

சிம், ரீசார்ஜ்

ஸ்மார்ட்போனில் இருப்பது நானோ சிம். பல பட்டன் போன்களில் அதைவிடப் பெரிய மைக்ரோ அல்லது பழைய பெரிய அளவு கேட்கும். சிம் வாங்கியபோது வந்த அட்டைச் சட்டம் இருந்தால் அதற்குள் பொருத்திப் போடலாம். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் சட்டத்தைப் போடும்போது கவனம் தேவை. சிம் இல்லாமல் வெறும் சட்டத்தை மட்டும் உள்ளே தள்ளினால் ஸ்லாட்டின் ஊசிகள் அதில் சிக்கி வளையும். இழுக்கும்போது உடைந்தும் போகும். பின்பக்கம் மெல்லிய செலோடேப் ஒட்டிச் சிம்மைச் சட்டத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு நுழையுங்கள்.

சட்டம் இல்லையென்றால் கம்பெனியின் சேவை மையத்தில் அதே நம்பருக்குப் புது சிம் வாங்கிக்கொள்ளலாம். ஆதார் அட்டையோடு நேரில் போக வேண்டும். சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது, வராது. மோசடிக்காரர்கள் சிம்மைக் களவாடி உடனே ஓடிபி பிடிப்பதைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்த ஏற்பாடு அது. ஆகவே பள்ளிக் கட்டணம், தட்கல் டிக்கெட், வருமான வரி என்று எந்த ஓடிபியும் தேவைப்படாத ஒரு நாளைப் பார்த்து மாற்றுங்கள்.

ரீசார்ஜில் நிறையப் பேர் வீணாகப் பணம் கட்டுகிறார்கள். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தனியாகத் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. 365 நாள் வரை செல்லும் பேக்குகள் இருக்கின்றன. கடைக்காரர்கள் தாமாக இதைச் சொல்வது அரிது. "டேட்டா இல்லாத வாய்ஸ் பேக்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரீசார்ஜ் முடியும் தேதியைச் சுவர் நாள்காட்டியில் சிவப்பு மையில் எழுதிவையுங்கள். நம்பர் நீண்ட நாள் செத்துக் கிடந்தால் கம்பெனி அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் பாங்க் ஓடிபி அவருக்குப் போகும். இந்த ஒரு தவறு மட்டும் நடக்கவே கூடாது.

பெயர்களும் நம்பர்களும்

காண்டாக்ட்ஸை சிம்முக்கு மாற்றினால் 250 பெயர் அளவில் நின்றுவிடும். தமிழில் சேமித்த பெயர்கள் சிம்மில் அதிக இடம் பிடிப்பதால் பாதியில் வெட்டுப்படும்; 'கிருஷ்ணமூர்த்தி பிளம்பர்' என்பது 'கிருஷ்ண' என்று நிற்கும். எந்தக் கிருஷ்ணன் என்று தெரியாது. கையால் எழுதுவதே மேல். அகர வரிசை ஓரம் வெட்டிய விலாச நோட்டு ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும். பெயர், நம்பர், அதோடு வீட்டு விலாசமும் பின்கோடும் எழுதுங்கள். எண்ணூறு பெயர் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். எழுத உட்கார்ந்தால், அதில் அறுபது எழுபது பேரோடுதான் உண்மையில் பேசுகிறோம் என்பது தெரியவரும். மீதியை ஒரு கம்ப்யூட்டரில் கோப்பாக எடுத்து வைத்தால் போதும்.

ஐந்து நம்பர்களை மனப்பாடம் செய்யுங்கள்: வீட்டில் இருவர், பக்கத்து வீடு, நம்பகமான ஆட்டோக்காரர், குடும்ப டாக்டர். அவசர எண்கள் சுவரில் இருக்கட்டும். பொது அவசரம் 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மருத்துவ ஆலோசனை 104, பணமோசடி 1930, ரயில் விசாரணை 139.

வாட்ஸ்அப்பை மூடுவது

இங்கேதான் உறவு கெடுகிறது. ஆப்பை அழித்துவிட்டால் கணக்கு அழியாது. உங்களுக்கு மெசேஜ் அனுப்புகிறவர்களுக்கு ஒரு டிக் மட்டும் விழும். அனுப்பிவிட்டோம் என்று நினைத்து இருந்துவிடுவார்கள். கணக்கு தானாக அழிய 120 நாள் ஆகும். அந்த நான்கு மாதத்தில் எத்தனை கல்யாணம், எத்தனை துக்கச் செய்தி போய்விடும்!

எனவே முறையாக மூடுங்கள். ஒரு வாரம் முன்னதாக ஒவ்வொரு குரூப்பிலும் ஒரு மெசேஜ் போடுங்கள்: "இந்தத் தேதியிலிருந்து வாட்ஸ்அப்பில் இருக்கமாட்டேன். நம்பர் அதேதான். போன் செய்யுங்கள் அல்லது எஸ்எம்எஸ் அனுப்புங்கள். காலை ஏழிலிருந்து ஒன்பது, மாலை ஆறிலிருந்து எட்டு கட்டாயம் எடுப்பேன்." நேரம் சொல்வது முக்கியம். எப்போது கூப்பிடலாம் என்று தெரியாததால்தான் பலர் கூப்பிடுவதே இல்லை. பெரியப்பா, அத்தை மாதிரி வருத்தப்படக்கூடியவர்களுக்குக் குரூப் மெசேஜ் போதாது, தனியாக போன் செய்து சொல்லுங்கள். பிறகு தேவையான படங்களையும் உரையாடல்களையும் வெளியே எடுத்துக்கொண்டு, செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய்க் கணக்கையே டெலிட் செய்யுங்கள். எல்லாக் குரூப்பிலிருந்தும் பெயர் போய்விடும், யாரும் ஏமாறமாட்டார்கள்.

கம்ப்யூட்டரில் மட்டும் வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை நீடிக்காது. மூல போனில் 14 நாள் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் இணைத்த கருவிகளெல்லாம் துண்டிக்கப்படும். பிள்ளைகளின் பள்ளிக் குரூப், அலுவலகக் குரூப் தவிர்க்க முடியாதவர்கள் ஸ்மார்ட்போனை இரண்டாவது நம்பரோடு அலுவலக மேஜை டிராயரிலோ, வீட்டில் ஒருவர் பொறுப்பிலோ வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒரே வேளை பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். இதில் தோல்வி எதுவும் இல்லை. இரண்டு பேர் உள்ள வீட்டில் ஒருவர் மட்டும் விடுவதும் அப்படித்தான். ஆனால் எல்லாச் செய்தியையும் வாங்கிச் சொல்லும் சுமை மற்றவர் தலையில் விழும் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றைச் செய்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் உள்ளே போகும்போது 'உங்கள் போனில் ஆம் என்று தட்டுங்கள்' என்று கேட்கும். அந்த போன் அணைந்திருக்கும். அதற்கு முன்பே கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எஸ்எம்எஸ் வழியைச் சேர்த்து, பேக்கப் கோடுகளை (போன் இல்லாமலே கணக்குக்குள் போக உதவும் ரகசிய எண்களை) அச்செடுத்துக்கொள்ளுங்கள். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் வரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். பாங்க் பாஸ்புக்கோடு பீரோவில் வைத்துவிடுங்கள்.

பணம், பயணம்

ஜிபே பழகிய கை சில்லறையை மறந்திருக்கும். வாரச் செலவைக் கணக்கிட்டு ஒரே நாளில் ஏடிஎம்மில் எடுத்து, அதில் ஒரு பகுதியை பெட்ரோல் பங்க்கிலோ பெரிய மளிகைக் கடையிலோ பத்து, இருபது, ஐம்பதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஐநூறு ரூபாய்த் தாளோடு கீரைக்காரம்மா முன் நின்றால் அவரும் பாவம், நீங்களும் பாவம். சட்டைப்பையில் சின்னத் தாள்கள், பர்ஸில் பெரிய தாள்கள் என்று பிரித்து வைப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கம். மாதம் ஒருமுறை பாஸ்புக் பதிந்துகொள்ளுங்கள்.

அனுப்பியே ஆகவேண்டிய பணத்துக்கு, பட்டன் போனிலிருந்தே பேச்சுவழி மெனுவில் பணம் அனுப்பும் யுபிஐ 123பே என்ற முறையை ரிசர்வ் வங்கி 2022இல் தொடங்கிவைத்தது. பாங்க் கிளையில் கேட்டால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று சொல்வார்கள். தொடங்கும்போது டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களும் காலாவதி மாதமும் தேவைப்படும். நீங்கள் கூப்பிடும் அழைப்பில் மட்டுமே பின் நம்பரை அழுத்துங்கள். யாராவது உங்களைக் கூப்பிட்டுக் கேட்டால் அது மோசடி.

ரயில் டிக்கெட்டை ஸ்டேஷன் கவுண்டரில் எடுக்கலாம். வேறு யாராவது இணையத்தில் எடுத்துத் தந்தால் வரும் எஸ்எம்எஸ்ஸும் ஒரிஜினல் அடையாள அட்டையும் போதும். சென்னையில் மெட்ரோவுக்கும் மாநகரப் பஸ்ஸுக்கும் சேர்த்து சிங்கார சென்னை அட்டை இருக்கிறது. கேஸ் சிலிண்டரை போன் மூலம் பதிவு செய்யலாம், டெலிவரி நம்பர் எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடும். புது இடத்துக்குப் போகும்போது வழியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நம்பர் பஸ், இறங்கும் ஸ்டாப், அதற்கு எதிரே என்ன, எத்தனையாவது தெரு. மீதியை ஆட்டோ ஸ்டாண்டில் கேட்கலாம்.

வெளியே போகும்போது பட்டன் போனையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகப் பழகலாம். முதலில் காய்கறிக் கடை வரை, பிறகு மாலை நடை. பையில் பெயர், ரத்த வகை, வீட்டு நம்பர் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும். இரவுப் பயணம், வயதானவர்கள், கர்ப்பிணிகள் என்றால் போனை எடுத்துக்கொண்டே போங்கள்.

பழைய போனை என்ன செய்வது

உடனே விற்காதீர்கள். ஏதோ ஒரு ஆப்பில் ஏதோ ஒன்று மறந்திருக்கும். பாதி சார்ஜில் அணைத்து, உறையில் போட்டு, வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து, முப்பது நாள் வைத்திருக்கச் சொல்லுங்கள். முழுக்கக் காலியான பாட்டரி மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுவிடும். முப்பது நாளில் எத்தனை முறை தேவைப்பட்டது என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டு முறைக்குக் கீழே என்றால் கொடுத்துவிடலாம். கொடுக்கும் முன் அதிலுள்ள கூகுள் கணக்கை முதலில் நீக்கி, பிறகு ஃபாக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் வெளியிலிருந்து ரீசெட் செய்தால் வாங்கியவரிடம் உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டே நிற்கும்.

முதல் பத்து நாள்

கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அங்கே உள்ளங்கை அளவு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். 'இதைப் பார்க்க வேண்டுமே' என்று தோன்றுவதையெல்லாம் அதில் எழுதிவிடுங்கள். மாலையில் பார்த்தால் பாதி தேவையற்றதாகிவிட்டிருக்கும். மீதிக்கு நூலகம், அகராதி, விஷயம் தெரிந்த ஒரு ஆள் இருப்பார்கள். இல்லாத போன் பையில் அதிர்வதுபோலச் சிலருக்குத் தோன்றும். பயப்பட வேண்டாம், அது நின்றுவிடும்.

படுக்கை அறைக்குள் போன் வரக் கூடாது, பட்டன் போனும்தான். அலாரம் கடிகாரம் வாங்குவதில் சிக்கனம் பார்க்காதீர்கள். 'டிக் டிக்' சத்தம் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். முள் சத்தமில்லாமல் வழுக்கிச் செல்லும் வகையைக் கேட்டு வாங்குங்கள். கையெட்டும் தூரத்தில் வைத்தால் அணைத்துவிட்டுத் தூங்குவீர்கள். நான்கு அடி தள்ளி வையுங்கள்.

காலி நேரத்தை எதால் நிரப்புவது

காலை எழுந்ததும் விழும் 'சு' நேரத்துக்கு ஃபில்டர் காபியைவிட நல்ல மாற்று கிடையாது. காரணம், அது இருபது நிமிடம் காத்திருக்க வைக்கிறது. இருவருக்கு மூன்று குவியல் மேஜைக்கரண்டி பொடி, 150 மில்லி தண்ணீர். பொடியைப் போட்டு, மேலே உள்ள அமுக்கியால் லேசாகச் சமன் செய்யுங்கள். இறுக்கி அழுத்தினால் டிகாஷன் இறங்காது. அழுத்தாமலே விட்டால் தண்ணீராக ஓடிவிடும். தண்ணீர் கொதித்ததும் அரை நிமிடம் பொறுத்து, வட்டமாக ஊற்றி மூடிவிடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் இறங்கும். தட்டித் தட்டி அவசரப்படுத்தினால் மண்டி கீழே வரும். டிகாஷன் நாளுக்கு நாள் மெதுவாக இறங்கினால் துளைகள் அடைத்திருக்கின்றன. மேல் பாத்திரத்தின் அடியை அடுப்புத் தீயில் காட்டி, ஆறியபின் தேய்த்துக் கழுவுங்கள். அந்த இருபது நிமிடத்தில் வாசல் தெளித்துக் கோலம் போடலாம், பேப்பரின் முதல் பக்கத்தைப் படித்துவிடலாம், வேப்பமரத்தில் என்ன கத்துகிறது என்று பார்க்கலாம்.

மாலையில் உதிரி மல்லிகை கால் கிலோ வாங்கி வீட்டிலேயே தொடுத்துப் பாருங்கள். வாழைநாரைப் பத்து நிமிடம் தண்ணீரில் நனையவிட்டு மெல்லியதாகக் கிழியுங்கள். இரண்டு மொட்டு ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம், காம்புகள் நடுவில் சேரும்படி வைத்து, நாரைச் சுற்றிக் கண்ணியாக இழுங்கள். காய்ந்த நாரும் அதிக இறுக்கமும் காம்பை அறுத்துவிடும். தளர்ந்தால் தலையில் வைத்ததும் உதிரும். விரல் பழக நான்கைந்து நாள் ஆகும். பழகியபின் கண் பார்க்காமலே கை தொடுக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கலாம். போனில் கை இருந்தபோது இல்லாமல் போனது இந்தப் பேச்சுத்தான்.

ரேடியோ வாங்குவதானால் எஃப்எம்மோடு மீடியம் வேவும் உள்ளதை வாங்குங்கள். சென்னை வானொலி 720, திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ். மீடியம் வேவுக்கு ஆன்டெனா ரேடியோவின் உள்ளே கிடையாகப் படுத்திருக்கும் கம்பி. நீட்டும் ஏரியல் எஃப்எம்முக்கு மட்டும்தான். ஆகவே கரகரவென்றால் ஏரியலை இழுக்காமல் ரேடியோவையே மெதுவாகத் திருப்புங்கள். ஒரு திசையில் குரல் தெளியும். எல்இடி பல்பும் சார்ஜரும் அருகில் இருந்தால் இரைச்சல் நிற்காது. ஜன்னல் ஓரம் நல்ல இடம்.

இரவு ஒன்பது மணிதான் மிகக் கடினமான வேளை. அதற்குப் பல்லாங்குழி. பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் ஏழு ஏழாக இரண்டு வரிசை வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். குழிக்கு ஐந்து வீதம் எழுபது புளியங்கொட்டை. கழுவிக் காயவைத்தால் கையில் ஒட்டாது. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுச் செல்லுங்கள். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் எதிராளிக்குப் போகும். ஆட்டத்தின் நடுவே எந்தக் குழியில் நான்கு சேர்ந்தாலும் அது 'பசு', அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதி மாறும். வீட்டில் பாட்டி இருந்தால் அவர் சொல்வதே சட்டம். ஆண்பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று ஒதுக்காதீர்கள். குழிகளைக் கண்ணால் எண்ணி, கை எங்கே முடியும் என்று கணக்குப் போடும் ஆட்டம் இது. ஆடு புலி ஆட்டம் வேண்டுமென்றால் மூன்று புலி, பதினைந்து ஆடு. புதிதாக ஆடுபவருக்குப் புலியைக் கொடுங்கள், ஆட்டைக் காப்பாற்றுவது கடினம்.

வாரம் ஒரு கடிதம் எழுதுங்கள். அஞ்சலட்டை 50 பைசா, இன்லேண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய். எல்லாத் தபால் நிலையத்திலும் எப்போதும் கையிருப்பு இருக்காது. கிடைக்கும்போது இருபதாக வாங்கி வையுங்கள். நலம் நலமறிய ஆவல் என்று தொடங்கி அதிலேயே நின்றுவிடாமல், கொய்யா காய்த்ததை, தெருவில் புதிதாக வந்த இட்லிக் கடையை எழுதுங்கள். முடிவில் பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா மாங்காய் ஊறுகாய்க்கு வெந்தயத்தை வறுத்துப் போடுவாளா, பச்சையாகவா?" பதில் வரும்.

மாடி உள்ளவர்களுக்கு இன்னொன்று. பௌர்ணமி அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா கிழக்கே எழும். அடுத்தடுத்த நாள்களில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதமாக எழும்; இதை வைத்து எந்த நாளும் எத்தனை மணிக்கு மாடிக்குப் போகலாம் என்று கணக்கிடலாம். நிலா இல்லாத தை மாத இரவு எட்டு மணிக்கு உச்சியில் சின்னக் கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதிலிருந்து கிழக்கே வந்தால் செம்மஞ்சளாக ரோகிணி, இன்னும் கிழக்கே ஒரே வரியில் மூன்று நட்சத்திரம், அவற்றுக்கு இடப்பக்கம் சிவந்து மின்னுவது திருவாதிரை. கண் இருட்டுக்குப் பழகப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும், ஒரு தரம் வெளிச்சம் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து. மாடி விளக்கை அணைத்துவிட்டு, பாயைத் தெற்கு வடக்காக விரித்து, தலையை வடக்கே வைத்துப் படுத்தால் திருவாதிரை இடக்கைப் பக்கம் இருக்கும்.